வெண்தேக்கு சுருங்குமா? மறு அளவீட்டில் விட்டம் குறைகிறது, வழி சொல்லுங்கள்

கொன்றைநிழல் | பிப்ரவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியல் முதுகலை முடித்த கையோடு ஜனவரி கடைசியில் களப்பணிக்கு வந்திருக்கிறேன். நீலகிரியின் கிழக்குச் சரிவில், இலையுதிர் காட்டுக்குள் ஒரு நிரந்தர பிளாட், அதாவது எல்லை குறித்து வருடக்கணக்காகத் தொடர்ந்து அளக்கும் ஒரு நிலத்துண்டு. 20 மீட்டருக்கு 20 மீட்டராக 200 கட்டங்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் தேடிப் பிடித்து மறுபடி அளக்க வேண்டும். உயிரோடு இருக்கிறதா, செத்ததா, யானை முறித்ததா, எரிந்து அடியிலிருந்து துளிர்த்ததா என்று எழுத வேண்டும். மூன்று மாத வேலை.

காலை ஆறரைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம். முன்னால் போகும் அண்ணன் நின்று கேட்டு, கை காட்டிய பிறகுதான் கட்டத்துக்குள் இறங்குவோம். ஒருவர் மரத்தில் ஆணியடித்த டேக் எண்ணைப் படிப்பார், ஒருவர் டேப் பிடிப்பார், நான் எழுதுவேன். மாலையில் அன்றைய தாள்களைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் பொறுப்பு.

பிரச்சினை அங்கேதான். இதுவரை அளந்த 640 மரங்களில் 58 மரங்கள் நான்கு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட மெலிந்திருக்கின்றன. ஒரு வெண்தேக்கு அப்போது 31.4 செ.மீ. விட்டம், இப்போது 30.1. ஒரு கருமருது 42.0 இருந்தது, இப்போது 41.6. ஒரு தேக்கில் மூன்று செ.மீ. குறைகிறது. குழுவில் மூத்தவர் ஒருவர், "மரம் வளரும், சுருங்காது. குறைஞ்சதையெல்லாம் பழைய அளவுக்கே ஏத்தி எழுதிரு. வளர்ச்சி பூஜ்ஜியம்னு போகட்டும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்தான் தப்பாக அளந்துவிட்டேனோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வால்பாறைக்காரன் | பிப்ரவரி 9, இரவு 10:15

முதல்ல ஒண்ணு சொல்லீர்றேனுங்க. தாள்ல எழுதுனதை மாத்தாதீங்க. அடிச்சுத் திருத்துனா எது காட்டுல எடுத்தது, எது ரூம்ல எழுதுனதுன்னு அடுத்த தடவை வர்றவங்களுக்குத் தெரியாமப் போயிரும்.

இப்ப நாலு கேள்வி. டேப் எதுங்க, சாதா டேப்பா, இல்ல மரத்தைச் சுத்துனா நேரா விட்டத்தையே காட்டற விட்டம் டேப்பா? போன தடவை எதுல அளந்தாங்க? மரத்துல பழைய பெயின்ட் கோடு தெரியுதா? தரையிலிருந்து 1.3 மீட்டருக்குக் குச்சி வெச்சு அந்த உயரத்துல அளக்கறீங்களா, இல்ல நெஞ்சுக்கு நேரா கண்ணால பார்த்தா?

ஏன் கேக்கறேன்னா, எங்க குழுவுல ஒரு சீசன் பாதிப் பேர் சுற்றளவும் பாதிப் பேர் விட்டமும் ஒரே பத்தியில எழுதிட்டாங்க. பெரிய மரத்துல உடனே மாட்டிக்கும். 94-ன்னு ஒருத்தர் எழுத, பக்கத்துல 30-ன்னு இருக்கும். சின்ன மரத்துலதான் வினையே. சுற்றளவு 9.4, விட்டம் 3.0. ரெண்டுமே அந்தச் செடிக்குப் பொருந்தற மாதிரித்தான் தெரியும். அதைக் கண்டுபுடிக்க எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சுங்க.

மருதமரம் | பிப்ரவரி 10, காலை 6:05

மகளே, மரம் சுருங்கும். உங்கள் மூத்தவர் சொன்னது சரியல்ல. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு மறு அளவீட்டிலும் மெலிந்த மரங்கள் இருந்தே தீரும். ஒரு கணக்கெடுப்பில் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால், அந்தத் தாள்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

நீங்கள் சொன்ன மூன்று மரங்களுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

கருமருதின் பட்டை தடித்தது, முதலைத்தோல் போலக் கட்டங்கட்டமாக வெடித்தது. டேப் மேடுகளின் மேல் படிகிறதா, வெடிப்புக்குள் இறங்குகிறதா என்பதே சில மில்லிமீட்டர். அதோடு அது உடம்பில் நீர் வைத்திருக்கும் மரம். கோடையில் அதன் தண்டைக் கீறித் தண்ணீர் எடுப்பது காட்டில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். போன முறை வடகிழக்குப் பருவமழை முடிந்த உடனே அளந்து, இந்த முறை பிப்ரவரி வறட்சியில் அளந்தால் 4 மில்லிமீட்டர் குறைவது வியப்பே அல்ல. பழைய தாளில் தேதியைப் பாருங்கள். நாங்கள் ஒரு கட்டத்தைப் போன முறை எந்த மாதம் அளந்தோமோ அதே மாதம்தான் அளப்போம். இந்தப் பருவ ஒழுங்கைக் கைவிட்டால் மரத்தின் வளர்ச்சிக்குப் பதிலாக மழையைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

வெண்தேக்கு தோல் உரிக்கும் மரம். வெளிறிய பட்டை மெல்லிய செதிலாகக் கழன்று அடியில் கிடக்கும். போன முறை உரிவதற்கு முன், இம்முறை உரிந்த பின் என்றால் சுற்றிலும் ஒரு படலம் போயிருக்கும். ஆனால் 13 மில்லிமீட்டர் முழுவதையும் தோலின் தலையில் போட முடியாது. அளந்த உயரத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்.

தேக்கில் 3 செ.மீ. என்பது நீரும் அல்ல, பட்டையும் அல்ல. ஒன்று அளந்த இடம் மாறியிருக்கிறது, அல்லது அளந்த மரமே மாறியிருக்கிறது. தேக்கு தீயில் கருகினால் அடியிலிருந்து கிளைத்து வரும். டேக் பழைய கட்டையில் தொங்கும், நாம் பக்கத்தில் நிற்கும் தண்டை அளந்துவிடுவோம். குனிந்து அடிமரத்தைப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையின் பலன் முழுவதும் "அதே தண்டு, அதே இடம்" என்பதில்தான் இருக்கிறது. முதுமலையில் 1988–89ல் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ராமன் சுகுமார் தலைமையில், 50 ஹெக்டேர் பிளாட் போட்டது. 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண். இருபத்தையாயிரத்துக்கும் மேல் தண்டுகள், ஏறத்தாழ எழுபது இனங்கள். அங்கே கைடியா காலிசினா என்று செம்பருத்திக் குடும்பத்து மரம் ஒன்று ஆயிரக்கணக்கில் இருந்தது. யானைகள் முறித்தும் பட்டை உரித்தும் தின்றதில் சில ஆண்டுகளில் அது சரிந்துபோனது. காட்டுக்குள் தினம் நடப்பவர்கூட, "முன்னைவிடக் குறைச்சலா இருக்கு" என்றுதான் சொல்லியிருக்க முடியும். எத்தனை செத்தது, எந்த அளவுள்ளவை முதலில் செத்தன, எந்த வருடம் தீ வந்தது, எந்த வருடம் யானை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது, அதே தண்டுகளை வருடா வருடம் தேடிப்போய்ப் பார்த்ததனால்தான்.

எண்ணும்மரமும் | பிப்ரவரி 10, மதியம் 1:20

நான் காட்டுக்குப் போகிறவன் இல்லை. நீங்கள் எல்லோரும் கொண்டுவரும் எண்களோடு உட்கார்ந்திருப்பவன். மூத்தவர் சொன்ன யோசனை ஏன் ஆபத்து என்று கணக்கு வழியாகச் சொல்கிறேன்.

டேப் பிடிக்கும் கை இரண்டு பக்கமும் தவறும். சில மரத்தில் கூட்டி அளப்போம், சில மரத்தில் குறைத்து அளப்போம். மரங்கள் நிறைய இருந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சராசரி உண்மைக்கு அருகில் வந்து நிற்கும். இப்போது குறைந்தவற்றை மட்டும் பிடித்து பூஜ்ஜியமாக்கினால் என்ன ஆகும்? கூட்டி அளந்த மரங்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் "வளர்ந்திருக்கிறது" என்று பார்த்ததும் யாரும் சந்தேகப்படுவதில்லை. சராசரி வளர்ச்சி மேலே ஏறிவிடும். காடே உண்மையில் வளர்ந்ததைவிட வேகமாக வளர்ந்ததாகத் தெரியும்.

உலர்ந்த இலையுதிர் காட்டில் பல மரங்கள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். சுற்றளவில் 1 செ.மீ. தவறினால் விட்டத்தில் 3.2 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி அந்த ஒரு தவறில் அடங்கிவிடுகிறது. இன்னொன்று: விட்டத்தை வைத்துத்தான் மரத்தின் எடையையும் கரிமத்தையும் கணக்கிடுகிறோம். விட்டம் 1 சதவீதம் கூடினால் எடை ஏறக்குறைய 2.5 சதவீதம் கூடிவிடும். களத்தில் "ஏத்தி எழுதிய" மில்லிமீட்டர், அறிக்கையில் டன் கணக்கில் வரும்.

என் ஆலோசனை: முதல் அளவை விட்டுவிடுங்கள், தொடவே வேண்டாம். இரண்டாவது அளவுக்கு ஒரு புதுப் பத்தி போடுங்கள். குறைந்த 58-ஐ மட்டும் திரும்ப அளக்காதீர்கள். அதுவும் அதே ஓரவஞ்சனைதான். சந்தேகமே வராத மரங்களிலிருந்து சீட்டுக் குலுக்கி ஒரு 60 எடுங்கள். முதல் அளவைப் பார்க்காத ஒருவர் அவற்றையும் அளக்கட்டும். உங்கள் குழுவின் கை எவ்வளவு தவறுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஓடும் 50 ஹெக்டேர் பிளாட்டில்கூட இப்படி ஒரு பகுதியை மறுபடி அளந்து பிழையைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூங்கில்துறை | பிப்ரவரி 10, இரவு 8:50

எல்லோரும் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் களக்குழுக்களை ஒருங்கிணைக்கிறவன். அந்த மூத்தவரின் பக்கமும் யாராவது பேச வேண்டும்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் தேதி இருக்கிறது. பிப்ரவரி பாதிக்குமேல் தீக்காலம். எந்த நாளிலும் "உள்ளே வர வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, அப்படிச் சொல்கிற அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஜீப் வாடகை, ஐந்து பேருக்குக் கூலி, சாப்பாடு. இதில் 118 மரங்களைத் திரும்ப அளப்பது என்றால் நான்கு நாள் போய்விடும். அந்த நான்கு நாளில் எட்டுப் பத்துக் கட்டங்கள் அளக்கப்படாமல் நின்றால்? பிழையுள்ள அளவு பரவாயில்லை, அளவே இல்லாத கட்டம்தான் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஏற்றி எழுதச் சொன்னது தவறுதான், அதை நியாயப்படுத்தவில்லை. அப்படிச் சொல்லவைக்கும் நெருக்கடி என்னவென்று மட்டும் சொல்கிறேன்.

எண்ணும்மரமும் | பிப்ரவரி 10, இரவு 9:30

மூங்கில்துறை அண்ணன் சொல்லும் நெருக்கடியை ஏற்றுக்கொள்கிறேன். 118-ம் முடியாவிட்டால் 40 போதும். ஆனால் அளக்காத கட்டத்தை "அளக்கவில்லை" என்று எழுதினால் என்னால் அதை வைத்து வேலை செய்ய முடியும். மாற்றி எழுதிய எண்ணை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அது நல்ல எண்ணைப் போலவே இருக்குமே. அதனால் எனக்கு வெற்றிடமே மேல்.

பேராதனைப்பெடியன் | பிப்ரவரி 11, காலை 7:45

தங்கச்சி, நான் இலங்கையிலயிருந்து எழுதுறன். சிங்கராஜவில 25 ஹெக்டேர் பிளாட் ஒண்டு இருக்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குணதிலக தம்பதியர் 1990களில தொடங்கினது. முதுமலையில பாதிப் பரப்புத்தான், ஆனா 1 செ.மீ. எண்ட அதே அளவுகோலில தண்டுகள் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம், இனங்கள் இருநூறுக்கு மேல. ஈரக்காடு எண்டால் அப்பிடித்தான், கால் வைக்க இடமில்லாமல் கண்டுகள்.

உங்கட காட்டில தோல் உரியுறது பிரச்சினை. ஈரக்காட்டில தவறு வேற மாதிரி. ஒண்டு, பலகைவேர். அடியில சுவர் மாதிரி விரிஞ்சு நிக்கிற மரத்தை 1.3 மீட்டரில அளக்கேலாது. வேர் முடியிற இடத்துக்கு அரை மீட்டர் மேல போய் அளந்து, அந்த உயரத்தையும் எழுதவேணும். வேர் வருசா வருசம் மேல ஏறும், அப்ப அளக்கிற இடமும் ஏறும். உயரத்தை எழுதாமல் விட்டால் அடுத்த முறை மரம் "மெலிஞ்சு" போயிருக்கும்.

மற்றது சரிவு. கட்டம் 20 மீட்டர் எண்டுறது வரைபடத்தில கிடைமட்டமா அளக்கிற தூரம், சரிவு நிலத்தில இழுக்கிற தூரம் இல்லை. 30 பாகைச் சரிவில நாடாவை 23.1 மீட்டர் இழுத்தால்தான் 20 மீட்டர் கிடைக்கும். மரத்தை அளக்கேக்கயும் மேட்டுப் பக்கம் நிண்டுதான் குச்சியை வைக்கவேணும். ஒராள் மேட்டுப் பக்கமும் மற்ற ஆள் பள்ளத்துப் பக்கமும் வைச்சால் ஒரே மரத்துக்கு ரெண்டு உயரம். உங்கட வெண்தேக்கு நிக்கிறது சரிவிலயோ எண்டு பாருங்கோ.

பேனை பாவிக்காதையுங்கோ. பென்சில்தான். வேர்வையிலயும் மழையிலயும் மை ஓடிப்போன தாள் ஒண்டை நான் இண்டைக்கும் வைச்சிருக்கிறன், ஒரு முழு நாள் வேலை அது.

ஆனைகட்டியான் | பிப்ரவரி 11, இரவு 10:05

இந்த இழையை மூணு நாளா படிக்கிறேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுத்தான் எழுதுறேன்.

நான் இருளர். என் அப்பா பதினாலு வருசம் இந்த மாதிரி ஒரு பிளாட்டுல கூலிக்கு வேலை செஞ்சார். முன்னால போற ஆள், டேப் புடிக்கிற ஆள், மரம் பேர் சொல்ற ஆள், எல்லாம் அவர்தான். இலை ஒண்ணுகூட இல்லாத மார்ச் மாசத்துல, பட்டையைத் தொட்டுப் பார்த்து, கீழ கெடக்கிற காயைப் பார்த்து, நகத்தால லேசா சுரண்டி மோந்து பார்த்துப் பேர் சொல்வார். வெக்காலின்னா வெளுத்து வழவழன்னு, அங்கங்க லேசாக் குழி. வேங்கையில அடிபட்ட எடத்துல செவப்பா பால் உறைஞ்சு நிக்கும். தான்றி அடியில கெடக்கிற கொட்டையைப் பார்த்தே சொல்லிருவார். படிச்சவங்க புத்தகத்தோட வருவாங்க. புத்தகத்துல பூவும் இலையும் வெச்சுத்தான் வழி இருக்கும். பூவும் இலையும் இல்லாதப்ப அப்பாவைத்தான் பார்ப்பாங்க.

அவர் சொன்ன பேரை வெச்சு எழுதுன கட்டுரைங்க எத்தனையோ வந்துச்சு. ஒண்ணுலயாவது நன்றின்னு அவர் பேர் இருக்கான்னு காலேஜ் சேர்ந்த பிறகு நான் தேடிப் பார்த்தேன். "உள்ளூர் உதவியாளர்கள்"னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்க கேள்விக்கு வர்றேன். அந்த வெண்தேக்கு ஏன் சுருங்குச்சுன்னு உங்ககூட வர்ற அண்ணன்மார்கிட்ட கேட்டீங்களா? அவங்க அந்த வழியா வருசம் முழுக்க நடக்கிறவங்க. மரம் எப்ப தோல் உரிச்சது, எந்த வருசம் தீ வந்தது, யானை எந்த மரத்துல உரசுதுன்னு அவங்களுக்குத் தெரியும். இங்க எங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னால அவங்ககிட்ட கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது. கோவமா சொல்லல.

கொன்றைநிழல் | பிப்ரவரி 12, இரவு 9:15

ஆனைகட்டி அண்ணா, கேட்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்று காலை கேட்டேன்.

டேப் பிடிக்கும் அண்ணன் உடனே சொன்னார்: "அது போன ஐப்பசி மழைக்கு அப்புறம் தோல் விட்டது. ஆனா போன தடவை அளந்தவரு ரொம்ப உயரமுங்க, மேல வெச்சு அளந்தாரு." போன கணக்கெடுப்பிலும் அவர்தான் கூட இருந்திருக்கிறார்! இத்தனை நாள் என் பக்கத்தில் நின்றவர். ஏன் சொல்லவில்லை என்றேன். "கேக்கலையே" என்றார்.

மற்றவர்களின் கேள்விகளுக்கும் பதில்: விட்டம் டேப்தான், போன முறையும் அதுவே. குச்சி உண்டு. பெயின்ட் கோடு பாதி மரங்களில் மங்கிவிட்டது, வெண்தேக்குகளில் தோலோடு போய்விட்டது. பழைய தாள்களின் தேதி டிசம்பர். நாங்கள் பிப்ரவரியில் நிற்கிறோம். அனுமதி வரத் தாமதம்.

திருச்சிஉலர்தாவரம் | பிப்ரவரி 13, காலை 11:30

ஆனைகட்டியான் சொன்னதில் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். நான் உலர்தாவரத் தொகுப்பில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். களத்திலிருந்து வரும் தாள்களில் "மருது" என்று மட்டும் எழுதியிருந்தால் எங்களுக்குத் தலை சுற்றும். கருமருதா, ஆற்றோரத்து நீர்மருதா? ஒரே மலையில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மரத்துக்கு இரண்டு பேர் சொல்வார்கள். அதனால் ஊர்ப்பேர் நம்பகமில்லை என்று சிலர் அதை எழுதாமலே விட்டுவிட்டு, ஊகத்தில் ஒரு இலத்தீன் பேரைப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் மிகப் பெரிய தவறு.

இலத்தீன் பேர் மட்டும் அசையாமல் நிற்கிறதா? மருக்காரையை ஜெரோம்பிஸ் என்று படித்தோம், இப்போது கட்டுனரேகம். வெக்காலி அனோஜைசஸ் என்று இருந்தது. அதை இப்போது டெர்மினாலியாவில், அதாவது மருதும் கடுக்காயும் இருக்கும் அதே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்று வேலை செய்ய வேண்டுமென்றால் பாதிப் பேர்களுக்குப் புதுப் பேர் தேட வேண்டும். பேர் மாறினாலும் கவலையில்லாமல் இருப்பது எப்போது என்றால், மாதிரி ஒன்று கையில் இருக்கும்போது.

எனவே: அண்ணன்மார் சொன்ன பேரை அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள். யார் சொன்னார், எந்த ஊர், எந்த மொழி என்பதையும் எழுதுங்கள். நீங்கள் நினைக்கும் இலத்தீன் பேரை அடுத்த பத்தியில் தனியாக. உறுதி இல்லையென்றால் "தெரியாதது 7" என்று எண் கொடுத்து, அனுமதியில் இடமிருந்தால் பிளாட்டுக்கு வெளியே அதே இன மரத்தில் ஒரு கிளை எடுங்கள். பிளாட் மரத்தை வெட்டவோ பட்டையைச் செதுக்கவோ வேண்டாம், அந்தக் காயமே அடுத்த அளவைக் கெடுக்கும். ஜூனில் துளிர்த்ததும் இலையோடு ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை வந்து பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்தால், கிளையை வைத்து உலர்த்தும் செய்தித்தாளை முதல் மூன்று நாள் காலையும் மாலையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

"தெரியாதது" என்று எழுத வெட்கப்படுகிறவர்கள் அனுப்பிய தாள்கள்தான் எங்களுக்கு அதிகச் சிரமம் தருகின்றன.

கூடலூர்செவிலி | பிப்ரவரி 14, இரவு 7:00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், தாவரம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எல்லோரும் இந்த மாதங்களில் சருகில் உட்காருகிறீர்கள், அதற்காக எழுதுகிறேன். டிசம்பர் முதல் மே வரை காட்டில் சிற்றுண்ணி அதிகம். 1957ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் பரவுகிறது. செத்த குரங்கைப் பார்த்தால் அருகில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். திரும்பியதும் துணியை உதறி வெந்நீரில் போட்டு, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் காட்டு வேலை என்று சொல்லுங்கள். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம், சீக்கிரம் தெரிந்தால் மருந்து நன்றாகக் கேட்கும். கூலிக்கு வருகிற அண்ணன்மாருக்கும் காலுறையும் மருத்துவச் செலவும் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள்.

வால்பாறைக்காரன் | பிப்ரவரி 14, இரவு 7:40

அக்கா சொன்னதை எல்லாரும் செய்யுங்க. எங்க பக்கம் மழைக்காட்டுல அட்டைன்னா ரத்தத்தோட போயிரும். உண்ணி அப்படி இல்லீங்க.

கொன்றைநிழல் | மார்ச் 7, இரவு 10:30

மூன்று வாரமாகத் தகவல் சொல்லவில்லை. சிக்னல் கிடைக்கும் பாறைவரை போக முடியாதபடி யானைக்கூட்டம் ஒன்று ஓடைப்பக்கமே நின்றது. இப்போது நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மூங்கில்துறை அண்ணன் சொன்ன நெருக்கடியை மனதில் வைத்து, முழுவதையும் அளக்காமல் குறைந்தவற்றில் 30, சீட்டுக் குலுக்கி எடுத்தவற்றில் 30 என்று பிரித்துக்கொண்டோம். தினமும் பிளாட்டுக்குப் போகும் வழியில் ஆறு ஏழு மரமாக முடித்ததால் தனியாக நாள் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. முதல் அளவு இருந்த தாளை நான் பையில் வைத்துக்கொண்டேன். அளந்தவருக்குப் பழைய எண் தெரியாது.

தேக்கு: மருதமரம் ஐயா சொன்னது அப்படியே. டேக் கருகிய கட்டையில் இருந்தது, நாங்கள் அளந்தது அதன் அடியிலிருந்து வந்த இன்னொரு தண்டு. பழைய தண்டை "மேல் பாகம் செத்தது, அடியில் துளிர்" என்று எழுதி, இந்தத் தண்டுக்குப் புது எண் கொடுத்தோம்.

வெண்தேக்கு: சரிவில்தான் நிற்கிறது. மேட்டுப் பக்கம் நின்று, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்த பெயின்ட் துணுக்கைத் தேடிக் கண்டுபிடித்தோம். நாங்கள் அளந்த இடத்தைவிட 9 செ.மீ. மேலே இருந்தது. அங்கேதான் தண்டு லேசாக முண்டு தட்டியிருக்கிறது. அந்த உயரத்தில் 30.9. பழைய அளவைவிட இன்னும் 5 மில்லிமீட்டர் குறைவுதான். அப்படியே எழுதினேன், "தோல் உரிந்திருக்கிறது" என்ற குறிப்போடு. கருமருது மறுபடியும் 41.6 தான் காட்டியது.

குறைந்த 30 மரங்களில் 11 உயரத் தவறு, 2 டேக் தவறு. மீதி 17 உண்மையிலேயே குறைந்திருக்கின்றன, பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள்.

சீட்டுக் குலுக்கிய 30-ல் 28 மரங்கள் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின. இரண்டு மரங்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் 11 மில்லிமீட்டர், ஒன்றில் 14 மில்லிமீட்டர் கூடுதலாக எழுதியிருந்தோம். டேப்புக்கு அடியில் கொடி ஓடியதைக் கவனிக்கவில்லை. இரண்டுமே "நன்றாக வளர்ந்திருக்கிறது" என்று நான் டிக் போட்ட மரங்கள்.

அந்த இரண்டின் முன்னால் மூத்தவரை அழைத்துப்போய் நிறுத்தினேன். அவர் டேப்பை வாங்கித் தானே இரண்டு முறை அளந்தார். கொடியைக் கையால் தூக்கிப் பிடித்து மூன்றாவது முறை அளந்தார். மறுநாளிலிருந்து எல்லா மரத்திலும் கொடியையும் சருகையும் விலக்கிவிட்டுத்தான் டேப் போடச் சொல்கிறார்.

ஆனைகட்டி அண்ணா, தாளில் "பெயர் சொன்னவர்" என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். மூன்று அண்ணன்மாரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு முழுப் பெயரை எழுதுகிறோம். கட்டுரை எழுதும்போது அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று திட்டத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

ஆனைகட்டியான் | மார்ச் 8, காலை 6:50

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அந்த முண்டு தட்டுன வெண்தேக்கு எந்தப் பக்கம்னு கேட்டார். சரிவுன்னு சொன்னேன். "அங்கயெல்லாம் கொடி ஜாஸ்தி, முதல்லயே கத்தரிச்சு விட்டா அடுத்த தடவைக்கு நல்லது, ஆனா கத்தரிச்சதையும் எழுதச் சொல்லு"ன்னார். மெயிலுக்குப் பதில் வரலைன்னா திரும்ப அனுப்புங்க தங்கச்சி.

மருதமரம் | மார்ச் 8, காலை 7:30

கொடியை மொத்தமாக வெட்ட வேண்டாம். கொடியும் ஒரு தாவரம், அதையும் யாராவது எண்ணிக்கொண்டிருக்கலாம். டேப் போகிற அளவுக்கு விலக்கினால் போதும்.

அப்புறம் மகளே, பாக்கி எத்தனை கட்டம்? பெயின்ட் கோட்டை இந்த முறை புதுப்பித்துவிடுங்கள். டேக் ஆணியை ஒவ்வொரு மரத்திலும் ஒரு விரற்கடை வெளியே இழுத்துவிடவும் மறக்க வேண்டாம். நான்கு வருடத்தில் மரம் அதை விழுங்கிவிடும்.

கொன்றைநிழல் | மார்ச் 8, இரவு 9:00

68 கட்டம் பாக்கி, ஐயா. இன்று மேற்குப் பக்கம் புகை தெரிந்தது, வனத்துறையிலிருந்து தீத்தடுப்புக் கோடு போட வந்திருக்கிறார்கள். நாளை ஐந்தரைக்கே கிளம்புகிறோம். சுத்தியல் எடுத்து வைத்துவிட்டேன்.